ஜங்ஷன் பசங்களின் கிரவுண்ட் டூர்!

நாலு பேர்... நாலு கிரவுண்ட்... ஒரே ஒரு டிராவல் பேக்! விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து கிளம்பி கிரிக்கெட் மைதானங்களைத் தேடி ஒரு ஜாலி ரவுண்டு!

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் கடக்காத தமிழர்கள் ரொம்பக் குறைவு. அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு! சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை என்று தெற்கே போகிற பஸ்ஸும் ரயிலும் பெரும்பாலும் எங்களைத் தாண்டித்தான் போகும். ஆனால், அந்த நேரத்தில் நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்து அரைத் தூக்கத்தில் இருப்பீர்கள். ராத்திரி 1 மணிக்கு, காதைக் கிழிக்கிற பாட்டோடு ஒரு மோட்டல் வாசலில் பஸ் நிற்குமே... 'டீ, காபி சாப்பிடறவங்க இறங்குங்க'ன்னு கண்டக்டர் குரல் கொடுப்பாரே... அதுதான் பாஸ் எங்க ஏரியா!

ஊரே ஜங்ஷனா இருக்கறதுல ஒரு லாபம் உண்டு. எங்கே போகணும்னாலும் வண்டி இருக்கு. ஒரு நஷ்டமும் உண்டு. எதைப் பார்க்கணும்னாலும் வண்டி ஏறித்தான் ஆகணும். முக்கியமா கிரிக்கெட்! திண்டிவனத்திலிருந்து சேப்பாக்கம் போய்த் திரும்ப ஏறக்குறைய 250 கிலோமீட்டர். விழுப்புரம்னா 320. நைட் மேட்ச் முடிந்து கூட்டத்தில் நீந்தி வெளியே வந்து, பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் பால்காரர் மணி அடித்துவிடுவார். அதனால் எங்களுக்கு கிரிக்கெட் என்பது டி.வி. பெட்டிக்குள் நடக்கிற சமாசாரம். மைதானத்தின் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால், 'ரிமோட் வாசனை மாதிரி இருக்கும்'னு சொல்லக்கூடிய கேஸ் நாங்க!

அமெரிக்காவில் ஒரு கிறுக்குக் கூட்டம் இருக்கிறது. நம்ம கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பியான பேஸ்பால் மேல் அவர்களுக்கு வெறி. மேஜர் லீகில் 30 டீம்கள். கோடை விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு கிரவுண்ட் கிரவுண்டாகப் போய் மேட்ச் பார்ப்பார்கள். சிலர் பல வருஷம் செலவழித்து 30 டீம்களின் கிரவுண்டையும் முடிப்பார்கள்! 'எல்லாம் ஒரே ஆட்டம்தானே, ஒரு இடத்தில் பார்த்தால் போதாதா?' என்று கேட்டால் அடிக்க வருவார்கள். ஏன்னா, அங்கே ஒவ்வொரு கிரவுண்டும் ஒவ்வொரு டைப். பாஸ்டனில் 1912-ல் திறந்த ஃபென்வே பார்க்கில் இடதுபக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் நிற்கிறது. சிகாகோவில் 1914-ல் திறந்த ரிக்ளி ஃபீல்டில் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். பந்து அந்தக் கொடிக்குள் போய் மாட்டிக்கொண்டால் 'அடிச்சவன் ரெண்டாவது பேஸ்ல போய் நில்லு' என்று தனி ரூலே உண்டு. நம்ம தெரு கிரிக்கெட்டில் 'மாடிக்குப் போனா அவுட், சாக்கடைக்குப் போனா ரெண்டு ரன்' வைப்போமே... அதே கதைதான்!

அவங்களுக்கு 30 கிரவுண்ட்னா நமக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு மாமூ! 2016 ஆகஸ்ட்டில் டி.என்.பி.எல். ஆரம்பித்தபோது சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தம், நெல்லை பக்கம் சங்கர் நகர் என்று மூன்று கிரவுண்ட்கள். 2022-ல் சேலமும் கோவையும் சேர்ந்துகொண்டன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம்... பேருக்குத்தான் திண்டுக்கல், சேலம், நெல்லை. அந்த மூன்று கிரவுண்டும் இருப்பது என்னவோ ஊருக்கு வெளியே, எங்க ஊர் மாதிரி சின்ன ஊர்களில்!

நாலு பேர் கொண்ட குழு

2023 ஜூன். ஃபைனல் செமஸ்டர் முடிந்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நேரம். காலேஜ் பையனும் இல்லை, வேலைக்காரனும் இல்லை என்கிற அந்த ரெண்டுங்கெட்டான் மாசம்தான் ஊர் சுற்ற ஏற்ற மாசம்!

எங்கள் கேங்கில் நாலு பேர். முதல் ஆள், மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பவுலர். லெஃப்ட் ஆர்ம். டென்னிஸ் பாலில் அவன் யார்க்கர் போட்டால் ஸ்டம்ப் மல்லாக்கப் படுத்துக்கும். பொங்கல் டோர்னமென்ட் என்றால் நாலு ஊர்க்காரர்கள் அவனைத் தேடி பைக்கில் வருவார்கள். இரண்டாவது, நிதியமைச்சர். பத்து ரூபாய் டீக்கும் கணக்கு எழுதுகிற ஜாதகம். மூன்றாவது, ஸ்கோரர். கேங்கின் ஒரே பெண். எந்த மேட்ச், எந்த வருஷம், யார் எத்தனை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நாலாவது அடியேன்.

இந்த டூருக்குப் பின்னால் ஒரு சின்ன டென்ஷனும் இருந்தது. பவுலருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஜூலை நடுவில் ஜாயினிங். வீட்டில் மல்லாட்டை போட்டு வருஷா வருஷம் கையைச் சுட்டுக்கொள்கிற அப்பா, "இந்தப் பந்து போடற கதையெல்லாம் இதோட முடிச்சிக்க"ன்னு தெளிவாகச் சொல்லிவிட்டார். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டான். எங்களிடம் மட்டும், "போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கிட்ட போய்ப் பாத்துட்டு வந்துடறன்டா"ன்னு கேட்டான். அப்படிக் கேட்டால் கிளம்பாமல் இருக்க முடியுமா?

ஸ்கோரரால் வர முடியவில்லை. ராத்திரி 7.15-க்கு மேட்ச் ஆரம்பித்தால் முடிய 11 மணி ஆகும் என்று சொன்ன அடுத்த செகண்டே அவள் வீட்டில் சிவப்பு சிக்னல். "நீங்க போங்க. ஓவருக்கு ஒரு மெசேஜ் வரலைன்னா கொன்னுடுவேன்"னு மிரட்டி வழியனுப்பினாள். நிதியமைச்சர் பட்ஜெட் தாக்கல் செய்தார். 'லாட்ஜ் கிடையாது. ராத்திரி பஸ்ஸே நம்ம லாட்ஜ்!'

மலைக்கு நடுவே நத்தம்

முதல் ஸ்டாப் நத்தம். முந்தின ராத்திரி விழுப்புரத்தில் திருச்சி பஸ் ஏறி, அங்கிருந்து திண்டுக்கல். பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, பிரியாணிக் கடை வாசலில் நிதியமைச்சரோடு அரை மணி நேரப் பேச்சுவார்த்தை நடத்தி, நாலு பார்சல் கேட்ட இடத்தில் ரெண்டு பார்சல் வாங்கி மூணு பேர் சாப்பிட்டோம். அப்புறம் நத்தம் பஸ்!

நத்தத்தில் கிரவுண்ட் என்றால் காங்கிரீட் கோட்டையை எதிர்பார்க்காதீர்கள். என்.பி.ஆர். காலேஜ் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாலு பக்கமும் பார்வை போகிற தூரத்தில் மலை. வழியெல்லாம் மாம்பழக் கூடைகள். ஒரு பக்கம் குழந்தை குட்டியோடு குடும்பங்கள், இன்னொரு பக்கம் டிரம்ஸோடு காலேஜ் கும்பல். ஃப்ளட்லைட் போட்டதும், ஊருக்குள் ஒரு திருவிழாப் பந்தல் இறங்கின மாதிரி இருந்தது.

டி.வி.யில் தெரியாத ஒரு விஷயம் அங்கே தெரிந்தது. வேகம்! டி.வி.யில் மணிக்கு 130 கிலோமீட்டர் பந்து 'சரி, வருது'ன்னு இருக்கும். கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கை சுழல்வது தெரியும். அடுத்து கீப்பர் கிளவுஸில் 'டப்'. நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது. எங்கள் பவுலர் முதல் ரெண்டு ஓவர் வாயே திறக்கவில்லை. பவுண்டரி லைனில் நின்ற ஃபீல்டர், பின்னால் கத்திக்கொண்டிருந்த பொடியன்களிடம் திரும்பி, "தம்பி, தண்ணி பாட்டில் எறியாதீங்கடா, கால்ல மாட்டும்"னு சொன்னார். அச்சு அசல் நம்ம வீட்டு அண்ணன் குரல். அந்த நிமிஷம் நாங்கள் ரொம்ப நேரம் பேசிக்கொள்ளவில்லை. டி.வி.க்குள் இருக்கிறவர்களும் நம்மளை மாதிரிதான் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள 300 கிலோமீட்டர் வர வேண்டியிருந்தது!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அஸ்வின் பற்றித்தான் பேச்சு. அப்போது டெஸ்ட் ரேங்கிங்கில் உலகின் நம்பர் 1 பவுலர் அவர். அந்த ஜூன் மாசம்தான் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் அவருக்கு டீமில் இடம் கிடைக்கவில்லை. மேட்ச் முடிந்தது ஜூன் 11. ஜூன் 14-ம் தேதி கோவையில் திண்டுக்கல் டிராகன்ஸுக்காகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்! அதுவும் சும்மா இல்லை. ரிவ்யூவில் அம்பயர் முடிவை மாற்றியதும், 'அந்த முடிவையே இன்னொரு தடவை ரிவ்யூ பண்ணுங்க'ன்னு கேட்டு ரவுசு விட்டார். "இன்னாடா மனுஷன் இவரு... உலகக் கோப்பை சைஸ் மேட்ச்ல உக்கார வச்சாங்க, மூணே நாள்ல வந்து இங்க சண்டை போடறாரு!" - பவுலர் அந்தப் பஸ்ஸில் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

யார்க்கர் ஊரும் பாக்குத் தோப்பும்

இரண்டாவது ஸ்டாப் சேலம். இது எங்களுக்கு ஹோம் கிரவுண்ட் மாதிரி. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, 2019 வரை எங்கள் மாவட்டமாகவே இருந்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று ஒரே ரோடு. சேலத்துக்கு முன்னாலேயே வாழப்பாடி வந்துவிடும். அங்கே காட்டுவேப்பிலைப்பட்டியில்தான் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் கிரவுண்ட். 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் வந்து கலந்துகொண்ட திறப்பு விழா. சுற்றிலும் பாக்குத் தோப்பு, மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி பஞ்சமே இல்லாத ஏரியா!

ஆனால், அன்றைக்கு எங்கள் பவுலர் நேராக அங்கே இறங்கச் சம்மதிக்கவில்லை. "காலையில சின்னப்பம்பட்டி. சாயந்திரம்தான் வாழப்பாடி"ன்னு அடம். யார் ஊர் என்று சொல்ல வேண்டுமா? நம்ம நடராஜன்!

தறி ஓட்டும் அப்பா, ரோட்டோரம் கடை போட்ட அம்மா. இருபது வயசு வரை டென்னிஸ் பால்தான் ஆட்டம். 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி. பந்து எறிவதில் சந்தேகம் என்று புகார் வந்து, ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2016-ல் முதல் டி.என்.பி.எல். சீஸனில் திண்டுக்கல் டீமுக்காகப் போட்ட யார்க்கர்களை ஊரே பேசியது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலிய டூரில் ஒரு நாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவா பேசப்படாத கதை ஒண்ணு இருக்கு. சம்பாதித்ததை வைத்து அவர் தன் ஊரிலேயே ஒரு கிரவுண்ட் கட்டினார். 2023 ஜூன் 23-ம் தேதி தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அந்த வார இறுதியில்தான் நாங்கள் போனோம். சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே பஸ். இறங்கி விசாரித்தால், "நட்டு கிரவுண்டா? நேராப் போங்க"ன்னு சின்னப் பிள்ளையும் வழி சொல்கிறது.

புது கிரவுண்ட். பந்தலுக்கு நட்ட குழிகள்கூட இன்னும் சரியாக மூடப்படவில்லை. நானும் நிதியமைச்சரும் மொபைலில் போட்டோவாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பவுலரைக் காணோம். ஓரத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாத இடத்தில், காலடி வைத்து அளந்துகொண்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாலு. அவனுடைய ரன் அப்! பதினாலாவது அடியில் நின்று, செருப்பு நுனியால் மண்ணில் ஒரு கோடு போட்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் காலாலேயே அழித்துவிட்டு, "போலாமாடா, பஸ்ஸுக்கு டைமாச்சு"ன்னான்.

அன்றைய வாழப்பாடி மேட்ச்சில் கூட்டம் செம. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்த தறிப்பட்டறை அண்ணன்கள் ஒவ்வொரு யார்க்கருக்கும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். சிக்ஸருக்குக்கூட அவ்வளவு விசில் இல்லை. யார்க்கருக்குக் கைதட்டத் தெரிந்த ஊர்! ராத்திரி சென்னை பஸ் பிடித்தோம். கண்டக்டர் விழுப்புரம் பைபாஸில் இறக்கிவிட, விடியற்காலை நாயோடு ரேஸ் ஓடி ஊருக்குள் போனது தனி எபிசோட்!

சங்கர் நகரில் அந்த ஒரு ஓவர்

மூன்றாவது ஸ்டாப்தான் இந்த டூரின் கிளைமாக்ஸ். ராத்திரி விழுப்புரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அன்ரிசர்வ்டில் ஒற்றைக்காலில் தவம். காலையில் தாமிரபரணியில் குளியல். சாயந்திரம் ஒரு பெரிய தர்மசங்கடம். இருட்டுக்கடை அல்வா சாயந்திரம்தான் கிடைக்கும். அல்வாவா, மேட்ச்சா? மனசைக் கல்லாக்கிக்கொண்டு தாழையூத்து பஸ் ஏறினோம்.

தாழையூத்து சங்கர் நகர் ஒரு சிமென்ட் ஊர். 1946-ல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை இங்கேதான், 1949-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸை ஏலத்தில் எடுத்த அதே கம்பெனி! அந்த ஊரில் இருக்கிற கிரவுண்டில், 2023 ஜூலை 10-ம் தேதி, இரண்டாவது குவாலிஃபையர். திண்டுக்கல் டிராகன்ஸுக்கும் நெல்லை ராயல் கிங்ஸுக்கும் மோதல். ஜெயிச்சா ஃபைனல். அதுவும் சொந்த ஊரில்!

பக்கத்து சீட் மாமா கேட்டார். "தம்பி எந்தூரு?"

"விழுப்புரம்ணே."

"விழுப்புரமா? நாங்க ராத்திரி தூக்கத்துல தாண்டிப் போற ஊர்லா!"

பாருங்கள், 500 கிலோமீட்டர் தாண்டியும் அதே மரியாதை!

நெல்லைக்கு டார்கெட் 186. கடைசி 2 ஓவரில் 37 ரன் வேண்டும். கொஞ்சம் பேர் எழுந்து பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். 19-வது ஓவர். சிக்ஸர்... திரும்பச் சிக்ஸர்... ரித்திக் ஈஸ்வரனும் அஜிதேஷும் நடத்தியது ஆட்டம் இல்லை, அடாவடி! அந்த ஒரே ஓவரில் 33 ரன். சாவி எடுத்தவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். மாமா என்னைத் தூக்கியே விட்டார். ரித்திக் 11 பந்தில் 39 நாட் அவுட். நெல்லை ஃபைனலில்! ஸ்கோரருக்கு போன் போட்டால், அந்தப் பக்கம் அவள் கத்தின கத்தலில் போனே தேவையில்லை, திண்டிவனத்திலிருந்து நேராகவே கேட்டிருக்கும்.

நிதியமைச்சர் மட்டும் அவசரப்பட்டான். ரயிலுக்கு டைமாச்சு. ஃபைனல் வரை தங்கக் கையில் காசில்லை. ரெண்டு நாள் கழித்து அதே கிரவுண்டில் நடந்த ஃபைனலை ஊரில் மொபைலில் பார்த்தோம். கோவை 205. நெல்லை 101-க்கு ஆல் அவுட். 104 ரன்னில் தோல்வி. என்னைத் தூக்கின மாமா அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போனாரோ!

ஆனால், நான் சொல்ல வந்தது ரயிலில் நடந்தது. படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து வந்தோம். கோவில்பட்டி தாண்டும் வரை பவுலர் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"எல்லாரும் அடிச்சவனைப் பாத்தீங்க. நான் போட்டவனைத்தான்டா பாத்தன். ஊரே கத்துது. ஒரு ஓவர்ல 33. மேட்ச்சே பூடுச்சு. ஆனா ஒவ்வொரு பந்துக்கும் திரும்பி நடந்து போயி, அதே மார்க்ல நின்னு, அதே மாதிரி ஓடி வந்தான் பாரு... நானா இருந்தா மூணாவது பந்துலயே கால் பின்னிக்கும்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போறன். அப்பா சொல்றது நாயம்தான். ஆனா 'முடிச்சிக்க'ன்னு சொன்னாரு பாரு... அத்த மட்டும் கேக்க மாட்டன். இந்தியாவுக்கு ஆடுனாத்தான் பவுலரா? ஞாயித்துக்கெழமை ஆடுனாலும் பவுலர்தான்."

இந்த ஒரு வரியைக் கேட்கத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் போனோம் என்று இப்போது தோன்றுகிறது. டி.வி. நமக்கு ரெண்டே ஜாதியைக் காட்டுகிறது. ஜெயித்த ஸ்டார், இல்லாவிட்டால் சோபாவில் உட்கார்ந்த நாம். கிரவுண்டுக்குப் போனால்தான் நடுவில் இருக்கிற ஆயிரம் பேர் தெரிகிறார்கள். பந்து பொறுக்கிப் போடும் பையன், பன்னிரண்டாவது ஆள், பிட்ச்சுக்குத் தண்ணீர் ஊற்றும் பெரியவர், 33 ரன் கொடுத்துவிட்டு மறுநாள் பிராக்டீஸுக்கு வருகிற பவுலர். அந்த வரிசையில் எங்கேயாவது நமக்கும் ஒரு இடம் இருக்கும் பாஸ்!

காலி ஸ்டாண்டின் சத்தம்

அடுத்த கிரவுண்ட் எங்களுக்குக் கொல்லைப்புறம். புதுச்சேரி துத்திப்பட்டு. திண்டிவனம், விழுப்புரம் ரெண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். புதுச்சேரி டீம் 2018-19 சீஸனில்தான் முதல்முதலாக ரஞ்சி ஆடியது. 2023 ஜூலை கடைசியில் தேவ்தர் டிராபி புதுச்சேரிக்கு வந்தது. மண்டல அணிகள் மோதும் ஒரு நாள் போட்டி. பவுலர் வேலையில் சேர்ந்து, முதல் வார லீவில் வந்திருந்தான்.

கூட்டம் இல்லை. டிரம்ஸ் இல்லை. சியர் கேர்ள்ஸ் இல்லை. முதலில் 'என்னடா மொக்கையா இருக்கு'ன்னு தோன்றியது. பத்து நிமிஷத்தில் காது திறந்துகொண்டது. பேட் மாட்டின சத்தத்தை வைத்தே நல்ல ஷாட்டா, எட்ஜா என்று சொல்லிவிடலாம். 'யெஸ்... நோ... வெய்ட்' எல்லாம் கேட்கும். கீப்பர் கலாய்ப்பது கேட்கும். கிரிக்கெட்டை முதல் தடவையாகக் காதால் பார்த்தோம். அந்த வருஷக் கோப்பையைத் தென் மண்டலம் தூக்கியது.

ஸ்கோரரின் சேப்பாக்கம்

இவ்வளவு ஊர் சுற்றியும் ஒரு குறை. ஸ்கோரர் ஒரு கிரவுண்டைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்காக 2024 ஜூன் 28 வந்தது. சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட். இந்தியா - தென்னாப்பிரிக்கா. பகல் மேட்ச்! வீட்டில் சொல்ல ராத்திரிக் காரணமே இல்லை. ஆனாலும், அவங்க அம்மா கடைசி நிமிஷத்தில், "நானும் வரேன்"னு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலு பேர் கேங், அஞ்சு பேர் ஆச்சு!

1916-லேர்ந்து இருக்கிற கிரவுண்ட். 1952-ல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியை ருசித்தது இங்கே. 1986-ல் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் 'டை' ஆனது இங்கே. 1999-ல் 12 ரன்னில் ஜெயித்த பாகிஸ்தான் டீமுக்கு எழுந்து நின்று கைதட்டினது இந்த ஊர் ஜனம். ஸ்கோரர் இதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். அம்மா தயிர்சாத டப்பா மேலேயே கண்ணாக இருந்தார்.

மேட்ச் ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழ்! ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன். பெண்கள் டெஸ்ட்டில் உலக சாதனை. மந்தனா 149. ஷஃபாலி 194 பந்தில் டபுள் செஞ்சுரி, கடைசியில் 205. முதல் நாள் முடிவில் ஸ்கோர் 525-க்கு 4! மதியம் கடல் காற்று வீச ஆரம்பித்தபோது, அம்மா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னடி வயசு?"

"இருபதும்மா. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. சின்ன வயசுல பொண்ணுங்களைச் சேர்த்துக்கலைன்னு முடியை வெட்டிக்கிட்டு பசங்களோட போய் ஆடினவ."

"அவங்க வீட்ல விட்டாங்களா?"

"அவங்க அப்பாதான் கூட்டிக்கிட்டே போனாரு."

அம்மா பதில் சொல்லவில்லை. இந்தியா அந்த டெஸ்ட்டை 10 விக்கெட்டில் ஜெயித்தது. ஆனால், ஸ்கோரர் ஜெயித்தது முதல் நாள் சாயந்திரமே! திண்டிவனம் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டினதும் அம்மா சொன்னார்... "அடுத்த தடவை அந்த ராத்திரி மேட்ச்சுன்னு சொல்லுவியே... அதுக்கும் போலாம். நானும் வரேன்."

அந்த வருஷமே சேலத்துக்குப் போனார்கள், அம்மாவும் பொண்ணும். கைதட்டுவதில் அம்மாதான் ஃபர்ஸ்ட்டாம்!

கிளம்பறீங்களா? குறிச்சுக்கோங்க!

* டி.என்.பி.எல். பெரும்பாலும் ஜூன் - ஜூலை வாக்கில். 2025 சீஸன் ஜூன் 5 முதல் ஜூலை 6 வரை நடந்தது. நத்தத்தில் நடந்த ஃபைனலில் திருப்பூர் தமிழன்ஸ் முதல் தடவையாகக் கோப்பை அடித்தது. எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அட்டவணை பார்த்துவிட்டு பேக்கைக் கட்டுங்கள்.

* கையில் காசில்லையா? ரஞ்சி மேட்ச்சுக்குப் போங்கள். பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. நாலு நாள் ஆட்டம், கேன்டீன் டீ, காலி ஸ்டாண்ட். ராஜா மாதிரி கால் நீட்டிப் பார்க்கலாம்!

* தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாட்டிலை வெளியே முடித்துவிடுங்கள். மொபைலுக்கு ஃபுல் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

* சென்னையில் நைட் மேட்ச் என்றால், தெற்கே போகிற வெளியூர் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்தில். கோயம்பேட்டில் போய் நின்று முழிக்காதீர்கள்.

* 'பைபாஸா, ஊருக்குள்ளேயா?' - ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். எங்கள் கால் வலி உங்களுக்கு வேண்டாம்!

* முதல் வரிசை, கம்பி ஓரம், பவுண்டரி லைன் பக்கம். அங்கேதான் ஆட்டம் கேட்கும்.

எங்கள் லிஸ்டில் கோவை இன்னும் பாக்கி. நிதியமைச்சர் இப்போது நிஜமாகவே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான், பட்ஜெட் ரெடி. பவுலர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரவுண்டில். பதினாலு அடி ரன் அப், அதே மார்க். அவன் அப்பா ஒரு தடவை ரோட்டோரம் டி.வி.எஸ்.ஸை நிறுத்தி ரெண்டு ஓவர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாராம். 'முடிச்சிக்க'ன்னும் சொல்லலையாம்!

சரி ஃப்ரெண்ட்ஸ், உங்க ஊர்லேர்ந்து பக்கத்து கிரவுண்ட் எத்தனை கிலோமீட்டர்? கணக்குப் போட்டுட்டீங்கன்னா பாதி தூரம் வந்தாச்சு. மீதி தூரத்துக்கு பஸ் இருக்கு. வழியில எங்க ஊர் வந்தா... தூங்காதீங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க!